பரணில் கிடக்கும் முதல் கம்ப்யூட்டர்: சுவிட்சைப் போடும் முன்

கேள்வி இது: 1998-இல் அப்பா வாங்கிய பென்டியம் கம்ப்யூட்டர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பரணில் கிடக்கிறது. விண்டோஸ் 98. அப்பா தமிழில் அடித்து வைத்த ஊர்க் கோயில் வரலாறு, சங்கத்து ஆண்டறிக்கைகள், கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான். கூடவே ஒரு டப்பா நிறைய ஃப்ளாப்பிகள். அந்தக் காலத்தில் அது இல்லாமல் வீட்டில் ஒரு வேலையும் ஓடாது என்று அம்மா சொல்கிறார். அப்படி என்ன இருந்தது அதில்? மறுபடி ஓட்ட முடியுமா? உள்ளே இருப்பதைப் படிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் கீழே இறக்கியதும் பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியதெல்லாம் உள்ளங்கை அகல ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. அதைக் கழற்றி முழு நகல் எடுத்துவிட்டால் பிறகு மெஷின் புகைந்தாலும் நஷ்டமில்லை. நகல் எடுக்கும் முன் புகைந்தால் எல்லாம் போனது போலத்தான்.

அம்மா சொன்னதிலிருந்து தொடங்கலாம். உள்ளே எதைத் தேட வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் வீட்டுக்கு வந்த பெட்டியில் பென்டியம் எம்எம்எக்ஸ் அல்லது செலரான், 16 அல்லது 32 எம்பி ராம், 2.1 முதல் 4.3 ஜிபி வரை ஹார்டு டிஸ்க், 14 அங்குல மானிட்டர் இருக்கும். பிள்ளைகள் படிப்புக்கு என்று வாங்குவார்கள். வீட்டுப் பெரியவர்கள் அதை விடமுடியாமல் போனதற்குக் காரணம் வேறு: ஒருமுறை அடித்த தமிழ் அழியாமல் இருந்தது.

அதற்கு முன் ஒரு திருவிழா நோட்டீஸ் என்றால் அச்சகத்துக்குப் போக வேண்டும். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, புரூஃப் பார்த்து, அச்சடித்து முடித்ததும் எழுத்துகளைப் பிரித்து மறுபடி அறைகளில் போட்டுவிடுவார்கள். அடுத்த வருடம் அதே நோட்டீஸுக்கு அதே உழைப்பு முதலிலிருந்து. நூறு பிரதி போதும் என்றால் ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல். நாலைந்து போதும் என்றால் தட்டச்சுப் பொறியில் கார்பன் தாள். ஒரு பத்தி விட்டுப்போனால் பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்த பிறகு போன வருட நோட்டீஸைத் திறந்து தேதியையும் உபயதாரர் பெயர்களையும் மாற்றினால் வேலை முடிந்தது. தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் தேறியவர்களுக்குப் புதிதாகப் பழகவும் தேவைப்படவில்லை. பல ஃபான்ட்டுகள் தட்டச்சுப் பொறியின் விசை வரிசையையே ஏறக்குறைய அப்படியே வைத்திருந்தன.

ஆகவே அந்த டிஸ்க்கில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது வருடா வருடம் திருத்தித் திருத்திச் சேமித்த கோப்புகளை. ஒரே அறிக்கை நாலு வடிவத்தில் இருக்கும், பெயர்கள் எட்டெழுத்துச் சுருக்கமாக இருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் சில எம்பிதான். ஆனால் தமிழ் அழகாக வரவேண்டும் என்று அன்று செய்த ஏற்பாடே இன்று அந்தக் கோப்புகளுக்குப் பூட்டாகிவிட்டது. அந்தப் பூட்டைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் டிஸ்க்கைக் கழற்றுவது. மின்கம்பி எதுவும் இணைப்பில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பல கேபினெட்டுகள் ஏடி வகை. அவற்றில் முன்பக்கப் பவர் சுவிட்சுக்கே நேராக 230 வோல்ட் கம்பி வரும். மூடியைத் திறந்ததும் பல்லி முட்டை, கரையான் மண், தூசி எல்லாம் இருக்கும். மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள்; ஈரத்துணி வேண்டாம். மானிட்டரைத் திறக்கவே திறக்காதீர்கள். பிக்சர் டியூபுக்கு இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் போகும், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அது சேமித்து வைத்திருக்கும்.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து இரண்டு இணைப்புகள் வரும்: 40 பின் கொண்ட அகலமான பட்டைக் கேபிள், நாலு கம்பிகள் கொண்ட பவர் கனெக்டர். பட்டைக் கேபிளின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும். அது முதல் பின்னின் பக்கம், பெரும்பாலான டிஸ்க்குகளில் பவர் கனெக்டரை ஒட்டி வரும். கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேபிளைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரின் இரண்டு ஓரத்தையும் பிடித்து மாற்றி மாற்றி அசைத்து எடுங்கள். பின் வளைந்தால் மெல்லிய இடுக்கியால் நிமிர்த்தலாம். முறிந்தால் சர்க்யூட் போர்டு வேலைதான்.

பிறகு, ஐடிஇ என்ற இந்தப் பழைய வகை இணைப்பை யுஎஸ்பியோடு சேர்க்கும் ஐடிஇ–யுஎஸ்பி கன்வெர்ட்டர் ஒன்று வேண்டும், தனி பவர் அடாப்டரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். மடிக்கணினி டிஸ்க்குக்கு மட்டும் என்று விற்பது போதாது. இந்த மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தேவை. நாலு முனைக் கனெக்டரில் மஞ்சள் கம்பி 12, சிவப்பு 5, நடுவே இரண்டு கறுப்பு. ஒரு பக்கம் மூலைகள் சரிந்திருக்கும், அதைப் பார்த்துச் செருகுங்கள். பலவந்தமாகத் தலைகீழாகச் செருகினால் 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 போய் டிஸ்க்கின் போர்டு எரிந்துவிடும். டிஸ்க்கின் பின்பக்கம் ஜம்பர் என்ற சிறு பிளாஸ்டிக் தொப்பி இருக்கும்; மேலே ஒட்டியுள்ள படத்தைப் பார்த்து அதை 'மாஸ்டர்' நிலையில் வையுங்கள். 'ஸ்லேவ்' நிலையில் இருந்தால் பல கன்வெர்ட்டர்களுக்கு டிஸ்க் தெரியாது. கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்களில் பலருக்குக் குற்றம் இந்தத் தொப்பியில்தான். 500 எம்பிக்குக் குறைந்த, மிகப் பழைய டிஸ்க் என்றால் கன்வெர்ட்டர் அதை அறியாமலே போகலாம். அதற்கு ஐடிஇ போர்ட் உள்ள பழைய மெஷின் ஒன்று தேவைப்படும்.

பவர் கொடுத்ததும் காதை அருகில் வையுங்கள். சீராகச் சுழலேறும் ஒலி, சில விநாடிகளில் ஒன்றிரண்டு 'டிக்', பிறகு அமைதி: நல்ல டிஸ்க். சீரான இடைவெளியில் 'டக்... டக்...' என்று விடாமல் தட்டினால், தகட்டைப் படிக்கும் முனையான ஹெட் வழி தேடித் தோற்கிறது, உடனே நிறுத்துங்கள். அதற்கு மேல் வீட்டில் செய்யத்தக்கது ஏதுமில்லை, டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுப்பதுதான் வழி. லேசான முனகல் மட்டும் வந்து சுழலவே இல்லை என்றால் ஹெட் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். பல ஆண்டு ஓடாமல் கிடந்த டிஸ்க்குகளில் இது உண்டு. ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் வைத்தியத்தை யாராவது சொல்வார்கள். வேண்டாம். வெளியே எடுத்ததும் தகட்டின் மேல் பனி படியும், ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில் இன்னும் வேகமாக.

டிஸ்க் தெரிந்தவுடன் விண்டோஸ் உதவ வரும். 'ஸ்கேன் செய்து சரிசெய்யவா' என்றோ 'ஃபார்மட் செய்ய வேண்டும்' என்றோ கேட்கும். இரண்டுக்கும் இல்லை என்று சொல்லுங்கள். இந்தக் காரணத்துக்காகவே இந்த வேலைக்கு லினக்ஸ் பாதுகாப்பானது. சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியைத் தொடங்கினால் டிடிரெஸ்க்யூ என்ற கருவி அதில் தயாராக இருக்கும். அது கோப்பு கோப்பாக எடுக்காமல் டிஸ்க் முழுவதையும், காலியிடம் உட்பட, ஒரே இமேஜ் கோப்பாக எடுக்கும். இரண்டு சுற்றாக ஓட்டுங்கள். முதல் சுற்றில் கடினமான இடங்களைத் தாண்டிப் போகச் சொல்லும் விருப்பத்தோடு. நல்ல பகுதி முழுவதும் முதலில் கைக்கு வந்துவிடும். இரண்டாம் சுற்றில் விட்டுப்போன இடங்களுக்கு மட்டும் மூன்று மறுமுயற்சி. கூடவே மேப் கோப்பு ஒன்றைக் கொடுக்க மறக்காதீர்கள். எது வந்தது, எது வரவில்லை என்று அதில்தான் குறித்துக்கொள்ளும், மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எது மூலம், எது இலக்கு என்பதை டிஸ்க் அளவை வைத்து இருமுறை சரிபாருங்கள். மாற்றிக் கொடுத்தால் அப்பாவின் டிஸ்க்கின் மேல் எழுதிவிடும். நல்ல நிலையில் உள்ள 4 ஜிபி டிஸ்க் பத்திருபது நிமிடத்தில் முடியும்.

இமேஜ் கிடைத்ததும் டிஸ்க்கைக் கழற்றி, பெயர் எழுதி, ஈரம் படாத உறையில் போட்டு வைத்துவிடுங்கள். இனி எல்லா வேலையும் இமேஜின் நகலில். செவன்-ஜிப் அந்த இமேஜை நேராகத் திறந்து ஃபோல்டர்களைக் காட்டும். விண்டோஸ் 98 டிஸ்க்குகள் ஃபேட் 16 அல்லது ஃபேட் 32 வகை, இரண்டையும் இன்றைய கணினிகள் படிக்கின்றன. பார்ட்டிஷனே, அதாவது டிஸ்க்கின் பிரிவே, இல்லை என்று காட்டினால் பயப்பட வேண்டாம். மெஷினைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் பழையதென்றால் பெரிய டிஸ்க்கை அறியாது என்பதால் அப்போது ஆன்ட்ராக் போன்ற டிஸ்க் மேனேஜர் மென்பொருள் போடுவார்கள். அது உண்மையான பார்ட்டிஷன் அட்டவணையை 63 செக்டர் தள்ளி வைத்திருக்கும். இமேஜின் தொடக்கத்திலிருந்து 63 செக்டர், அதாவது 32,256 பைட், விட்டுப் படித்தால் எல்லாம் இருக்கும்.

ஃப்ளாப்பிகளைத் தள்ளிப்போடாதீர்கள், டிஸ்க்கைவிட அவைதான் வேகமாகக் கெடுகின்றன. மூன்றரை அங்குல ஃப்ளாப்பி என்றால் யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் போதும். செருகும் முன் மூலையில் உள்ள சிறு கதவை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி வையுங்கள். துளை திறந்திருந்தால் எழுத முடியாது. ஒவ்வொன்றின் உலோக மூடியையும் விரலால் விலக்கி உள்ளே பாருங்கள். வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். தகட்டின் பூச்சு உதிர்ந்து ஹெட்டில் ஒட்டும், அடுத்துப் போடுகிற நல்ல ஃப்ளாப்பியையும் அது கீறிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால், தகட்டைக் கையால் மெல்லச் சுழற்றி, இரண்டு பக்கமும் துடைத்து நன்றாக உலரவிட்ட பிறகு போடலாம். உரசல் சத்தம் கேட்டால் உடனே வெளியே எடுத்து ஹெட்டைத் துடையுங்கள். இவற்றையும் கோப்பாக இழுக்காமல் இமேஜாகவே எடுங்கள். சரியாக வந்த 1.44 எம்பி ஃப்ளாப்பியின் இமேஜ் 14,74,560 பைட் இருக்கும், குறைந்தால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி இருந்தால் யுஎஸ்பி டிரைவ் உதவாது. பழைய டிரைவ் ஒன்றோடு கிரீஸ்வீசில் என்ற சிறு போர்டை இணைத்தால் தகட்டின் காந்த மாற்றங்களையே நேராகப் பதிவெடுக்கலாம். சாதாரண டிரைவ் பிழை என்று கைவிடும் மூன்றரை அங்குலத்துக்கும் அது நல்ல வழி.

இப்போது மெஷின். நகல் கையில் வந்துவிட்டதால் ஆசைக்கு ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் அந்தப் பழைய டிஸ்க் இல்லாமல். எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டியின் பின்னால் சிவப்பு நிறத்தில் 115/230 என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். 230-இல் இருக்க வேண்டும், 115-இல் வைத்துப் போட்டால் வெடிக்கும். மதர்போர்டில் உருளையாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ மாற்றாமல் ஓட்டாதீர்கள். காசு வடிவ பேட்டரி சிஆர் 2032, 3 வோல்ட், இன்றும் கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும். அது தீர்ந்திருந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும், டிஸ்க் அமைப்பும் பயாஸ் நினைவில் இருக்காது. வேறு டிஸ்க் போட்டு ஓட்டுவதென்றால், தொடங்கும்போது டெலீட் விசையை அழுத்தி உள்ளே போய் ஐடிஇ ஆட்டோ டிடெக்ட் கொடுக்க வேண்டும். 486 காலத்துப் போர்டு என்றால் அதில் பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கலாம். அது கசிந்து செம்புக் கோடுகளைப் பச்சையாக அரித்திருக்கும். வெட்டி எடுத்துவிட்டு, காரம் என்பதால் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். படம் வராமல் 'பீப்' மட்டும் வந்தால் முதலில் ராம் குச்சிகளைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து மறுபடி போடுங்கள். பாதி மெஷின்கள் இதிலேயே உயிர் பெறும்.

படிப்பதற்கு அந்த மெஷினே தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 86பாக்ஸ் என்ற இலவச எமுலேட்டர் பென்டியம் காலத்து மதர்போர்டுகளையே மென்பொருளில் ஓட்டும். டிஸ்க் இமேஜின் நகலைக் கொடுத்தால் அப்பாவின் டெஸ்க்டாப் அப்படியே உங்கள் திரையில் எழும்பி வரும். ராம் 512 எம்பிக்கு மேல் கொடுக்காதீர்கள், விண்டோஸ் 98 தடுமாறும். அந்தக் காலத்து வைரஸ்களும் அதற்குள் உறங்கலாம். 1998-இல் கிளம்பிய சிஐஎச் ஏப்ரல் 26 வந்தால் டிஸ்க்கின் தொடக்கத்தை அழிக்கும், அந்தத் தேதியில் ஓட்டாதீர்கள். எமுலேட்டரை இணையத்தோடு இணைக்காமல் வைப்பது போதுமான காவல்.

இனி கோப்புகள். சி டிரைவில் 'மை டாக்குமென்ட்ஸ்' முதலில். ஆனால் 98 காலத்தில் பலர் ஒரு டிரைவின் தலையிலேயே தங்கள் பெயரில் ஃபோல்டர் போட்டு வைப்பார்கள், பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் தன் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே சேமித்திருக்கும். டாக், ஆர்டிஎஃப், டிஎக்ஸ்டி, பி65, சிடிஆர், டிபிஎஃப் என்று முடிபவற்றை டிஸ்க் முழுவதும் தேடுங்கள். 'ரீசைக்கிள்ட்' என்ற மறைந்த ஃபோல்டரில் டிசி1, டிசி2 என்று பெயர் மாறிக் கிடப்பவை நீக்கப்பட்ட கோப்புகள், அவற்றில் பழைய வரைவுகள் கிடைக்கும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பயன்படுத்தியிருந்தால் கடிதங்கள் டிபிஎக்ஸ் என்று முடியும் கோப்புகளில், விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'அப்ளிகேஷன் டேட்டா'வில் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரை முழுசாக எடுங்கள். சி டிரைவில் 'பிஎஸ்ஃபான்ட்ஸ்' என்று ஒன்று இருந்தால் அதையும். கோப்புகளை எடுத்துவிட்டு ஃபான்ட்டை விட்டுவிடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. டிஸ்க்கை அழித்த பிறகு அதை உணர்பவர்கள் உண்டு.

ஏன் என்று சொல்கிறேன். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் தமிழுக்கு 1991-இலேயே இடம் இருந்தது, ஆனால் விண்டோஸ் 98-க்கு அதைத் திரையில் கோக்கத் தெரியாது. லதா எழுத்துருவோடு அது விண்டோஸ் 2000-இல்தான் வந்தது. அதுவரை செய்த வழி இது: ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். கணினி ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டிருக்கும், திரையில் தமிழ் தெரியும். குறிகளைத் தனியே பிரித்தாலும் கு, கூ, சு, சூ என்று பதினெட்டு மெய்க்கும் இரண்டிரண்டாக 36 தனி வடிவம் வேண்டும், கிரந்தம் வேறு. மொத்தமே 200 சொச்சம் இடங்களுக்குள் இதை அடைக்க ஒவ்வொரு ஃபான்ட் தயாரிப்பாளரும் தனக்கென ஒரு ஒழுங்கு வைத்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டேம், டேப் என்று இரண்டு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. இணையக் குழுக்களில் திஸ்கி என்ற குறியீடு புழங்கியது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினி என்ற ஃபான்ட். உங்கள் அப்பா 1998-இல் அடித்தவை ஏதோ ஒரு தனியார் ஒழுங்கில் இருக்க வாய்ப்பு அதிகம். பின்னாளில் அடித்தவை டேப், டேமாக இருக்கலாம்.

குப்பையைப் பார்த்தே ஓரளவு இனம் காணலாம். ஃபான்ட் இல்லாமல் திறக்கும்போது வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் தெரிந்தால் பாமினி வகை: அதில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் நெருக்கமாகத் தெரிந்து, நடுவே ஆங்கிலச் சொற்கள் ஒழுங்காக இருந்தால் டேப் அல்லது திஸ்கி வகை. வேர்டு கோப்பாக இருந்தால் இன்னும் எளிது. லிப்ரே ஆபீஸில் திறந்து உரையில் கர்சரை வைத்தால் ஃபான்ட் பெயர் மேலே தெரியும். இன்றைய வேர்டு மிகப் பழைய டாக் கோப்புகளைத் தடுக்கும், லிப்ரே ஆபீஸ் திறக்கும்.

ஒழுங்கு தெரிந்ததும் அதை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருள் வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் இரண்டும் பாமினி, டேப், டேம், திஸ்கி, அஞ்சல் போன்றவற்றை யூனிகோடாக்கும். லினக்ஸில் உள்ள ஐகான்வ் கருவிக்குத் திஸ்கி தெரியும். எதிலும் சேராத தனியார் ஃபான்ட் என்றால் அட்டவணை நீங்களே போட வேண்டும், ஒரு மாலை வேலை. 33 முதல் 255 வரை எல்லா எழுத்துகளையும் வரிசையாக ஒரு பக்கத்தில் வைத்து அந்த ஃபான்ட்டைப் போடுங்கள். எந்த இடத்தில் எந்த வடிவம் என்று எதிரே எழுதுங்கள். இதற்குத்தான் ஃபான்ட்ஸ் ஃபோல்டர்.

மாற்றுவதில் வரிசைதான் முக்கியம். பழைய ஃபான்ட்டுகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்தன: 'கொ' என்றால் கொம்பு, க, கால். யூனிகோடில் க முதலில், குறி பிறகு. ஆகவே முதலில் கொம்பு–மெய்–கால் என்ற மூன்றும் சேர்ந்து வரும் இடங்களை ஒ, ஓ குறிகளாக்குங்கள். பிறகு தனிக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறியை மெய்க்குப் பின்னால் தள்ளுங்கள். கடைசியில்தான் ஒற்றை எழுத்துகள். தலைகீழாகச் செய்தால் 'கொ' எல்லாம் 'கெ' என்றும் தனிக் கால் என்றும் உடையும்.

இரண்டு இடத்தில் எந்த மாற்றியும் சறுக்கும். ஒன்று ஔகாரம். அதன் வலப்பாதி 'ள' போலவே இருப்பதால் பெரும்பாலோர் 'ள'வையே அடித்திருப்பார்கள். 'பௌர்ணமி' மாறி வரும்போது 'பெளர்ணமி' ஆகும், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடலில் கிடைக்காது. கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் மாற்றினால் 'தெளிவு' கெடும். விதி எளிது: அந்த 'ள'வின் மேல் வேறு குறியோ புள்ளியோ இருந்தால் அது ள, ஒன்றும் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஔகாரம். இன்னொன்று 'ர'. பாமினி போன்றவற்றில் 'ர்', 'ரி' இரண்டையும் காலின் மேல் புள்ளியோ விசிறியோ வைத்தே அடிப்பார்கள். தமிழில் காலுக்குப் புள்ளி வர வழியில்லை; ஆகவே காலை அடுத்துப் புள்ளியோ இகர ஈகாரக் குறியோ வந்தால் அந்தக் கால் 'ர' என்று கொள்ளலாம்.

வேர்டு செய்த சேட்டைகளும் இருக்கும். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் பழக்கம் அதற்கு. பாமினியில் சிறிய ஜே 'த', பெரிய ஜே 'து'. அதனால் 'தமிழ்' என்று தொடங்கிய வாக்கியம் 'துமிழ்' என்று சேமிப்பாகியிருக்கும். வாக்கியத் தொடக்கத்தில் மட்டும் க, ப, த, ம எல்லாம் உகரமாகியிருந்தால் காரணம் இதுதான். திஸ்கியில் இன்னொன்று: 'இ' முதலில் 173-ஆம் இடத்தில் இருந்தது, பல நிரல்களுக்கு அது கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடு. உரை முழுவதும் 'இ' மட்டும் காணாமல் போயிருந்தால் அங்கே பாருங்கள். பின்னால் அதை 254-க்கு மாற்றியதும் இதற்காகவே. இடையிடையே உண்மையான ஆங்கிலம் உள்ள பாமினிக் கோப்புகளில் மொத்தமாக மாற்றினால் ஆங்கிலமும் அர்த்தமற்ற தமிழாகிவிடும். லிப்ரே ஆபீஸின் தேடலில் ஃபான்ட் பெயரைக் கொடுத்துத் தமிழ்ப் பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள்.

பேஜ்மேக்கர் கோப்புகளுக்கு இரண்டு தேவை: உரையும், பக்கத்தின் தோற்றமும். லிப்ரே ஆபீஸ் பி65 கோப்பைத் திறக்கும், ஆனால் அமைப்பு சற்றுக் குலையும். இன்டிசைன் சிஎஸ்6 வரையிலான பதிப்புகளும் திறக்கும், அதற்குப் பிந்தியவை திறக்காது. தோற்றம் அப்படியே வேண்டுமென்றால் எமுலேட்டரில் எழுந்த விண்டோஸ் 98-க்குள் பேஜ்மேக்கரையே திறந்து, போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டர் டிரைவர் ஒன்றை நிறுவி, 'பிரின்ட் டு ஃபைல்' கொடுங்கள். கிடைக்கும் கோப்பைக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் பிடிஎஃப் ஆக்கித் தரும். அப்பா அச்சுக்குக் கொடுத்த அதே பக்கம். உரைக்கு, அதே பேஜ்மேக்கரில் உரையைத் தேர்ந்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்து எடுத்து மாற்றியில் போடுங்கள்.

மாற்றி முடித்த உரையில் முதலில் புள்ளி வட்டத்தைத் தேடுங்கள். மெய்யைப் பிரிந்து தனியே நிற்கும் குறிக்கு முன்னால் கணினி அந்த வட்டத்தைக் காட்டும், அது இருக்கும் இடமெல்லாம் அட்டவணை தவறிய இடம். அடுத்து எஞ்சிய ஆங்கில எழுத்துகளையும் கேள்விக்குறிகளையும் தேடுங்கள். பிறகு பக்கம் பக்கமாக அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். உபயதாரர் பெயரும் கொல்லைப்புறத் தெருவின் பெயரும் ஓர் எழுத்து மாறி வந்தால் அதைப் பிடிக்க அந்த ஊர்க்காரர் ஒருவர்தான் வேண்டும்.